அத்தையின் வயிற்றில் ஒரு பை

ராத்திரி இரண்டு மணி இருக்கும். கொல்லைப்புறக் குழாயடியில் துணி அலசும் சத்தம் கேட்டு விழித்தேன். போய்ப் பார்த்தால், இருட்டில் என் மாமியார் தன் படுக்கை விரிப்பைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வயது அறுபத்தெட்டு. ஆபரேஷன் ஆகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

“என்ன அத்தை, என்னை எழுப்பக்கூடாதா?” என்றேன்.

“எத்தனை தடவைதான் உன்னை எழுப்பறது? விடிஞ்சா பக்கத்துப் போர்ஷன்காரங்க வந்துடுவாங்க. அதுக்குள்ளே அலசிடணும்” என்றார். குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் வீடு சிந்தாதிரிப்பேட்டையில், மீன் மார்க்கெட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. நான்கு குடித்தனங்களுக்கு ஒரே குழாயடி, ஒரே கக்கூஸ். அப்படிப்பட்ட வீட்டில் வயிற்றில் பையோடு ஒரு வயதான பெண்மணி இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தும் இதை எழுதுகிறேன். காரணம், நாங்கள் பட்ட கஷ்டத்தில் பாதிக்கு மேல் எங்கள் அறியாமையால் வந்தது. யாராவது முன்பே சொல்லியிருந்தால் அத்தைக்கு அந்த ராத்திரிகள் வந்திருக்காது. இந்த விஷயத்தைப் பற்றி வீடுகளில் யாரும் வாய் திறப்பதில்லை. ஆகவே, அத்தையின் அனுமதியோடு நான் திறக்கிறேன்.

ஸ்டோமா என்றால் என்ன?

2022-ஆம் வருஷம் அத்தைக்கு மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. மலக்குடலை ஆசனவாயோடு எடுத்துவிட்டு, பெருங்குடலின் நுனியை அடிவயிற்றில் இடது பக்கமாக ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவந்து தைத்துவிட்டார்கள். அந்த வாய்க்குத்தான் ஸ்டோமா என்று பெயர். கிரேக்க மொழியில் ஸ்டோமா என்றாலே ‘வாய்’ என்றுதான் அர்த்தமாம். மலம் அந்த வழியாகத்தான் வரும். அடக்கிக்கொள்ள அங்கே தசை கிடையாது; வரும்போது வரும். அதனால் அதன்மேல் ஒரு பையை ஒட்டிக்கொள்ள வேண்டும்.

பெருங்குடலிலிருந்து வைத்தால் கொலாஸ்டமி, சிறுகுடலிலிருந்து வைத்தால் இலியாஸ்டமி, சிறுநீருக்காக வைத்தால் யூராஸ்டமி என்கிறார்கள். புற்றுநோய்க்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். குடல் புண், குடல் அடைப்பு, விபத்து ஆகியவற்றுக்கும் வைப்பதுண்டு. மலத்துவாரம் சரியாக அமையாமல் பிறக்கிற குழந்தைக்குக்கூடச் சில மாதங்களுக்கு வைத்து, பிறகு மூடிவிடுவார்கள். இளம் தாய்மார்கள் இதைத் தெரிந்துகொண்டால், அப்படி ஒரு நிலை வந்தாலும் பயம் குறையும்.

முதல் தடவை பார்த்தபோது எனக்கு மயக்கமே வந்தது. சிவப்பாக, ஈரமாக, ஒரு ரோஜா மொட்டு மாதிரி இருந்தது. தொட்டால் வலிக்குமோ என்று பயந்தேன். ஆனால் ஸ்டோமாவில் வலி உணர்வே கிடையாது. நம் கன்னத்தின் உட்புறம் எப்படியோ அப்படித்தான் அதன் நிறமும் ஈரமும். துடைக்கும்போது ஒரு சொட்டு ரத்தம் கசிந்தால்கூடப் பயப்பட வேண்டாம். பல் தேய்க்கும்போது ஈறில் கசிவதைப் போலத்தான். விடாமல் கசிந்தால்தான் டாக்டரிடம் போக வேண்டும்.

நான் செய்த தவறுகள்

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது இரண்டு பையும், தட்டில் எவ்வளவு பெரிய ஓட்டை வெட்ட வேண்டும் என்று ஒரு காகித அச்சும் கொடுத்தார்கள். அந்த அச்சை பத்திரமாக பூஜை அலமாரியில் வைத்து, மாதக்கணக்கில் அதே அளவில் வெட்டிக்கொண்டிருந்தேன். என் முதல் தவறு அதுதான்.

ஒட்டிய பை நான்கு நாள் நிற்க வேண்டும் என்றார்கள். எங்களுக்கு ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஓரத்தில் கசிந்து, சுற்றியிருந்த தோல் வெந்துபோய்ச் சிவந்துவிட்டது. எரிச்சலுக்கு இதமாக இருக்குமே என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். எண்ணெய் இருக்கிற தோலில் எந்தத் தட்டு ஒட்டும்? அன்றைக்கு இரண்டு தடவை பை கழன்றது. பிறகு குழந்தைகளுக்குப் போடுகிற பவுடரைப் போட்டேன், அப்போதும் ஒட்டவில்லை. கிருமி வரக்கூடாதென்று டெட்டால் விட்டுக் கழுவினேன். தோல் இன்னும் புண்ணானது. காற்று நிறைந்து பை உப்புகிறதே என்று ஊசியால் ஒரு ஓட்டை போட்டேன். அன்றிலிருந்து வீட்டில் வாடை நிற்கவே இல்லை.

பை ஒன்று இருநூறு முந்நூறு ரூபாய். மாதத்துக்கு முப்பது பை என்றால் எங்கள் மாதிரிக் குடும்பம் என்ன ஆகும்? அவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் மருந்துக்கடைப் பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைக்கும்போது அத்தை பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஆறாவது மாதம் பரிசோதனைக்குப் போனோம். ஐம்பத்திரண்டு கிலோ இருந்த அத்தை நாற்பத்தாறு கிலோவாகியிருந்தார். டாக்டர் முகம் மாறியது. நோய் திரும்பிவிட்டதோ என்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ரிசல்ட் வருவதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை.

பக்கத்தில் இருந்த நர்ஸ் அம்மா, ஸ்டோமா பராமரிப்புக்கென்றே பயிற்சி பெற்றவர், அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னம்மா சாப்பிடறீங்க?” என்று கேட்டார். அத்தை தலையைக் குனிந்துகொண்டு, “சாப்பிட்டாத்தானே பை நிறையும்? நிறைஞ்சாத்தானே மாத்தணும்?” என்றார்.

காலையில் வைத்த இட்லி காக்கைக்கும், மத்தியானச் சோறு பூனைக்கும் போயிருக்கிறது. கூடவே இருந்த எனக்குத் தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அளவு சரியானால் எல்லாம் சரி

நர்ஸ் அம்மா திட்டவில்லை. பையை மெதுவாக எடுத்தார். வட்ட வட்டமாகத் துளைகள் உள்ள ஓர் அட்டையை ஸ்டோமாவின்மேல் வைத்துப் பார்த்தார். நான் வெட்டிக்கொண்டிருந்தது 45 மில்லிமீட்டர். ஸ்டோமாவோ 28 மில்லிமீட்டர்! ஆபரேஷன் ஆன புதிதில் ஸ்டோமா வீங்கியிருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் சுருங்கி ஒரு நிலைக்கு வரும். அதுவரை வாரம் ஒரு தடவை அளந்து வெட்ட வேண்டுமாம். நான் பழைய அச்சையே வைத்து வெட்டியதால், நடுவில் வெறும் தோல் தெரிந்தது. மலம் அந்தத் தோலில் பட்டுப்பட்டு வெந்தது. வெந்த ஈரத் தோலில் தட்டு ஒட்டவில்லை. ஒட்டாததால் மறுபடி கசிவு. இவ்வளவுதான் எங்கள் ஆறு மாத நரகத்தின் காரணம்!

அன்று கற்றுக்கொண்ட முறையை அப்படியே தருகிறேன்:

காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடுவதற்கு முன்பு மாற்றுவது நல்லது. அப்போது குடல் அமைதியாக இருக்கும்.

பழைய தட்டைப் பிய்த்து இழுக்கக்கூடாது. ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு, மேலிருந்து கீழாக மெல்ல உரிக்க வேண்டும்.

வெதுவெதுப்பான வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். எண்ணெய்ப் பசையுள்ள சோப்பு, டெட்டால், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். துடைத்த பிறகு ஒற்றி ஒற்றி ஈரம் போக்க வேண்டும்.

தட்டின் ஓட்டை, ஸ்டோமாவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக இருக்க வேண்டும். ரொம்பச் சிறிதாக வெட்டினால் ஸ்டோமாவை அறுக்கும்.

ஒட்டுவதற்கு முன் தட்டை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துச் சிறிது நேரம் சூடு காட்டினால் பசை இளகும். ஒட்டியபின் உள்வட்டத்திலிருந்து வெளிப்பக்கமாக அழுத்தி, சில நிமிஷம் கையை மேலேயே வைத்திருக்க வேண்டும்.

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட வேண்டும். கனம் கூடினால் தட்டை இழுத்துவிடும்.

அன்று முதல் ஒரு தட்டு நான்கு நாள் நிற்கிறது. மாதம் முப்பது என்றிருந்த செலவு, எட்டாகக் குறைந்தது. பைக்காகப் பட்டினி கிடந்த அத்தை, அடுத்த நான்கு மாதத்தில் ஐந்து கிலோ ஏறினார்.

எந்தச் சாதனம் யாருக்கு?

பூங்காநகர்ப் பக்கத்து சர்ஜிகல் கடைகளில் கேட்டால் பலவிதம் எடுத்துப் போடுவார்கள். கடைக்காரர் சொல்வதை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். நர்ஸிடமோ டாக்டரிடமோ காட்டி முடிவு செய்யுங்கள்.

தட்டும் பையும் சேர்ந்தே இருப்பது ஒரு வகை. மெல்லியதாக உடம்போடு படியும். ஆனால் மாற்றும்போதெல்லாம் தட்டையும் உரிக்க வேண்டும். தட்டு தனி, பை தனி என்பது இன்னொரு வகை. தட்டு தோலிலேயே இருக்கும். பையை மட்டும் டப்பா மூடியைப் போலக் கழற்றி மாட்டலாம். கை நடுக்கம் உள்ள அத்தைக்கு இதுதான் சுலபமாக இருக்கிறது. வாங்கும்போது தட்டின் வளையமும் பையின் வளையமும் ஒரே அளவா, ஒரே கம்பெனியா என்று பாருங்கள். இல்லையென்றால் மாட்டாது.

தோல் மடிப்பு, பள்ளம் இருந்தால் அதை நிரப்ப ஒரு பேஸ்ட் இருக்கிறது. சுவரில் விரிசலுக்குப் பட்டி பார்ப்பதைப் போல. வெந்த தோலுக்கு இதற்கென்றே ஒரு பவுடர் உண்டு. தூவி, அதிகமானதைத் தட்டிவிட்டு ஒட்ட வேண்டும். ஸ்டோமா உள்ளே அமுங்கியிருந்தால் குவிந்த தட்டு உதவும். இடுப்பு பெல்ட் பையைத் தாங்கிப் பிடிக்கும். கரி வைத்த சிறு வடிகட்டி உள்ள பையில் காற்று மட்டும் வெளியேறும், வாடை வராது. நான் ஊசியால் செய்யப் பார்த்த வேலையை முறையாகச் செய்கிற சாதனம் இதுதான்!

வசதி இல்லாதவர்களுக்கு வளையமும் பெல்ட்டும் பாலிதீன் பையுமாகக் குறைந்த விலையில் ஒரு செட் கிடைக்கிறது. பாலிதீன் பையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒட்டும் தட்டு அளவுக்குத் தோலைக் காக்காது என்றாலும், துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அவதிப்படுவதைவிட மேல்.

இடது பக்கக் கொலாஸ்டமி உள்ள சிலர், தினமும் ஒரே நேரத்தில் ஸ்டோமா வழியாக வெதுவெதுப்பான தண்ணீர் ஏற்றிக் குடலைக் காலி செய்துகொள்கிறார்கள். அடுத்த ஒரு நாள் பெரும்பாலும் எதுவும் வராது. ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தாது. டாக்டர் சம்மதித்து, நர்ஸ் கற்றுக்கொடுத்தால் மட்டுமே செய்ய வேண்டும்.

ஒரு தங்கையின் துயரத்தில் பிறந்தது

இந்த ஒட்டும் பை வந்த கதை மனதைத் தொடுவது. டென்மார்க்கில் எலிஸே ஸோரன்ஸன் என்ற நர்ஸ். அவருடைய தங்கை தோராவுக்கு முப்பத்திரண்டு வயதில் ஸ்டோமா வைத்தார்கள். கசிந்துவிடுமே என்று பயந்து, தங்கை வெளியே போவதையே விட்டுவிட்டாள். அதைப் பார்த்து நொந்த அக்காவுக்கு 1954-இல் ஒரு யோசனை தோன்றியது: தோலில் தானே ஒட்டிக்கொள்ளும், பிறகு எறிந்துவிடக்கூடிய பை! பிளாஸ்டிக் தொழிற்சாலை வைத்திருந்த ஒருவர் அதைத் தயாரித்துக் கொடுத்தார். அந்த முயற்சியிலிருந்து 1957-இல் ஒரு கம்பெனியே பிறந்தது.

அமெரிக்காவில் நார்மா கில் என்ற குடும்பப் பெண், டாக்டருமல்ல, நர்ஸுமல்ல. 1954-இல் அவருக்கே இலியாஸ்டமி ஆனது. தான் பட்டதைப் பிறர் படக்கூடாதென்று, மற்ற நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அவருக்கு ஆபரேஷன் செய்த கிளீவ்லண்ட் கிளினிக் டாக்டர் ரூபர்ட் டர்ன்புல், 1958-இல் அவரையே அந்த வேலைக்கு வைத்துக்கொண்டார். 1961-இல் இருவருமாக இதற்கென்று ஒரு பள்ளியும் தொடங்கினார்கள். எங்களுக்குக் கற்றுத்தந்த நர்ஸ் அம்மாவின் படிப்புக்கு வேர் அங்கேதான்.

இதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. அந்த நாட்களில் தோலைக் காக்க டர்ன்புல் பயன்படுத்தியது கராயா என்னும் பிசின். ஆந்திரம், மத்தியப் பிரதேசக் காடுகளில் பழங்குடி மக்கள் மரத்தைக் கீறிச் சேகரிக்கிற பிசின் அது! இன்றைய தட்டுகளில் பெரும்பாலும் வேறு பொருள்கள் வந்துவிட்டன.

நம் நாட்டில் 1975-இல் பம்பாயில் ஆஸ்டமி அசோஸியேஷன் ஆஃப் இந்தியா தொடங்கப்பட்டது. 1993 முதல் மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை அக்டோபர் முதல் சனிக்கிழமையை உலக ஆஸ்டமி தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

புடவையும் சமையலும்

புடவை கட்டுகிற நமக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. பாவாடை நாடா சரியாக ஸ்டோமாவின் மேலேயே அழுத்தும். ஆபரேஷனுக்கு முன்பே வயிற்றில் இடம் குறிப்பார்கள். அப்போது படுத்தபடி மட்டும் குறிக்க விடாதீர்கள். உட்கார்ந்து, நின்று, குனிந்து, எங்கே நாடா கட்டுகிறோம் என்று காட்டுங்கள். வெட்கப்பட்டால் பிறகு வருஷக்கணக்கில் கஷ்டம். எங்களுக்கு இது தெரியாமல் போயிற்று. அதனால் நாடாவை எடுத்துவிட்டு, அகல எலாஸ்டிக் வைத்துப் பாவாடை தைத்துக் கொடுத்தேன். கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டிக்கொள்கிறார்.

சென்னை வெயிலில் பிளாஸ்டிக் பை தொடையில் பட்டு வியர்க்கும். பழைய வேட்டித் துணியில் உறை தைத்தேன். பையைத் துணிமேல் வைத்து, சுற்றிலும் அரை அங்குலம் கூடுதலாக இரண்டு துண்டு வெட்டுங்கள். உடம்புப் பக்கத் துண்டில் வளையம் நுழைய ஒரு வட்டம். அடிப்பக்கத்தைத் தைக்காமல் இரண்டு பிரஸ் பட்டன் வைத்தால், கழற்றாமலே காலி செய்யலாம். நான்கு உறை இருந்தால் மாற்றி மாற்றித் துவைக்கச் சரியாக இருக்கும். பைகளை வெயில் படாத இடத்தில் வையுங்கள். சூட்டில் பசை கெடும்.

சாப்பாட்டில் அத்தைக்குப் பெரிதாகத் தடை இல்லை. ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முட்டைக்கோஸ், மொச்சை, வெங்காயம் காற்றைக் கூட்டும். முட்டை, மீன், பூண்டு வாடையைக் கூட்டும். மோர், தயிர் சிலருக்கு வாடையைக் குறைக்கும். பீட்ரூட் சாப்பிட்டால் சிவப்பாக வரும், ரத்தமென்று பதறாதீர்கள். கருவாடு என்றால் உயிரை விடும் அத்தை, “வெளியே போகாத அன்னைக்குப் பண்ணு” என்று ஏற்பாடு செய்துகொண்டார்!

இலியாஸ்டமி உள்ளவர்களுக்குக் கவனம் அதிகம் வேண்டும். தண்ணீரும் உப்பும் நிறைய வெளியேறிவிடும். எதை எவ்வளவு குடிக்க வேண்டுமென்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தேங்காய், சோளம், வேர்க்கடலை, கீரைத்தண்டு போன்றவை அடைத்துக்கொள்ளக்கூடும்; மென்று, கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும்.

ஸ்டோமா கறுத்தோ ஊதா நிறமாகவோ மாறினாலும், வயிறு உப்பி வாந்தி எடுத்துப் பையில் ஒன்றுமே வராமல் இருந்தாலும், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கழற்றிய பையைக் கக்கூஸில் போடக்கூடாது. உள்ளிருப்பதை மட்டும் அங்கே கொட்டி, பையை அலசி, செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி, தனியாகக் குப்பை வண்டியில் சேருங்கள். அதைத் தொடுகிறவரும் நம்மைப் போல ஒரு மனிதர்தானே.

கோயிலுக்குப் போனார்

பை சரியானபின்னும் ஒரு விஷயம் சரியாகவில்லை. அத்தை விளக்கு ஏற்றுவதில்லை. நாற்பது வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் போன ஆதிகேசவப் பெருமாள் கோயில் பக்கமே போகவில்லை. “இதைக் கட்டிக்கிட்டு சந்நிதியிலே நிக்கவா?” என்பார்.

அடுத்த தடவை போனபோது நர்ஸ் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “ஏம்மா, கோயிலுக்கு வர்ற எல்லார் வயித்துக்குள்ளேயும் அதேதானே இருக்கு? உங்களுக்குப் பையிலே இருக்கு. அவ்வளவுதானே வித்தியாசம்?” என்றார்.

அத்தை பதில் சொல்லவில்லை. இரண்டு சனிக்கிழமை போயிற்று. மூன்றாவது சனிக்கிழமை நான் சமையலில் இருக்கும்போது, “பை காலி பண்ணிட்டேன். பூ வாங்கி வெச்சிருக்கியா?” என்று கேட்டார். புடவை கட்டித் தயாராக நின்றார். துணிப்பையில் இன்னொரு தட்டு, பை, ஈரத்துணி, செய்தித்தாள், மாற்றுப் பாவாடை எல்லாம் எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். எதுவுமே தேவைப்படவில்லை.

இப்போதும் எப்போதாவது கசிகிறது. வியர்வை அதிகமான நாளில் தட்டின் ஓரம் கிளம்பிவிடும். ஆனால் ராத்திரியில் தனியாகக் குழாயடிக்குப் போவதில்லை. “ஏம்மா, எழுந்திரு” என்று என்னை எழுப்புகிறார். எனக்கு அது போதும்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் இருந்தால், அவர் தட்டு நிறையச் சாப்பிடுகிறாரா என்று கூட உட்கார்ந்து பாருங்கள். பிறகு ஓர் அளவு அட்டை வாங்கி, ஓட்டையை அளந்து பாருங்கள்.